கடைசிப் பத்து நிமிடம்

ஆகஸ்ட் பதினான்கு, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். காலையிலிருந்து விடாத தூறல். மேற்குக் காற்று. கூடத்துச் சுவரிலிருந்த வெப்பமானி இருபத்து மூன்று டிகிரி காட்டியது. மின்சாரம் இருந்தது. இதை எழுதக் காரணம், அன்று மின்சாரம் போயிருந்ததாகப் பிறகு இரண்டு முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். போகவில்லை. தொலைக்காட்சி என் எதிரே ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது. அப்போது தொலைபேசி அடித்தது.

"பாத்துட்டீங்களா சார்? என்னாச்சுங்க கடைசியில?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டது அறுபத்திரண்டாவது தடவை. முதல் அறுபத்தொரு தடவையும் நான் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

அவர் எதையும் கடைசிவரை இருந்து பார்க்காத மனிதர். சினிமாவானாலும் கல்யாணமானாலும் முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்துவிடுவார். கேட்டால் ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார். மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு. அவரிடம் அதைச் சொன்னேன். "அடுத்த பஸ்ஸுல உக்கார எடம் கெடைக்காதுங்க" என்றார்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் அவருக்குத் தராசு பழுது பார்க்கும் கடை. சொந்த ஊர் ஹனூர் பக்கம் ராமாபுரம், குடியிருந்தது ஸ்ரீரங்கப்பட்டணத்தில். நான் எடையளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். வியாபாரிகள் வருடத்துக்கு ஒருமுறை தராசையும் படிக்கற்களையும் எங்களிடம் கொண்டுவந்து முத்திரை வாங்க வேண்டும். அதற்கு முன்னால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்வார்கள். அவர் சரிசெய்த தராசை நான் நிராகரித்ததாக ஒரு பதிவும் இல்லை. அதனாலேயே எனக்குப் பயம். ஆய்வாளரும் பழுது பார்ப்பவரும் சிநேகமாக இருந்தால் ஊர் என்ன சொல்லும்? அதனால் சினிமாவுக்குச் சேர்ந்து போவோம், ஆனால் தள்ளி உட்காருவோம். அவர் எனக்கு முன்னால் மூன்று வரிசை. இது என் ஏற்பாடு. அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அதனால்தான் அவர் எழுந்து போவது எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். கதாநாயகியின் முகத்துக்குக் குறுக்கே அவருடைய தலை எழும்பும். பின்னாலிருந்து யாராவது கன்னடத்தில் "கூத்கோளய்யா" என்று அதட்டுவார்கள். அவர் உட்கார மாட்டார். குனிந்துகொண்டே கதவை நோக்கிப் போவார். மறுநாள் முத்திரை போடும் இடத்தில் எதிர்ப்பட்டால், "என்னாச்சுங்க கடைசியில?" என்று கேட்பார். நான் வரிசைப்படி சொல்வேன். எத்தனை பேர் செத்தார்கள், யார் யாரை மன்னித்தார்கள், கடைசிக் காட்சியில் மழை பெய்ததா இல்லையா. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "நேருல பாத்த மாதிரியே இருக்குதுங்க" என்பார். இப்படி ஐம்பத்தெட்டுப் படங்கள்.

அவர் மகளின் கல்யாண ஆல்பத்தில் இருநூற்றுப் பதினான்கு படங்கள். நூற்று அறுபதுக்குப் பிறகு எதிலும் அவர் இல்லை. பந்தியில் இலை எடுக்கிறவர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தாராம்.

ஐம்பத்தொன்பதாவது தடவை அவர் கேட்டது சினிமா பற்றி அல்ல. என் மனைவி இறந்தபோது வந்தார். மின்மயானத்தில் கதவு மூடுவதற்கு முன்பே காணாமல் போய்விட்டார். எனக்குக் கோபம்தான். நான்காம் நாள் ஒரு சீப்பு நஞ்சன்கூடு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். மற்றவர்கள் எல்லோரும் வந்து போய்விட்டிருந்தார்கள். எதிரில் உட்கார்ந்து, "கடைசியில என்ன சொன்னாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேஸை அணைத்துவிட்டீர்களா என்று கேட்டாள், அதற்குப் பிறகு பேசவில்லை என்றேன். அவர் தலையசைத்தார். "அணைச்சிருந்தீங்களா?" "அணைச்சிருந்தேன்." "அப்பச் செரி" என்றார்.

அன்று வியாழக்கிழமை. அதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிற்பகல் மூன்று மணிக்கு வர ஆரம்பித்தார். நானும் பணி ஓய்வு பெற்றவன், அவரும் கடையை விட்டிருந்தார். என் தனிமைக்காக வருகிறார் என்றுதான் நினைத்தேன். மூன்று வருடங்களில் நூற்று ஐம்பத்தொரு வியாழக்கிழமைகள். கதவுக்குப் பக்கத்துப் பிரம்பு நாற்காலி அவருடையது.

பெங்களூரில் இருக்கும் என் மகள் தன் செலவில் தொலைக்காட்சியில் ஏதோ சந்தா கட்டி வைத்திருந்தாள். அதில் நாங்கள் ஒரு தொடரை ஆரம்பித்தது ஜூன் மாதம், என் கை தவறி. நான் கோயில்கள் பற்றிய ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். ரிமோட்டில் ஏதோ பொத்தான் அழுந்திவிட்டது. ஒரு வெள்ளைக்காரப் பல் மருத்துவர் யாரோ ஒருவரின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். தமிழில் பேசவைத்திருந்தார்கள். குரல் மதுரைக்காரருடையது.

"இருக்கட்டுங்க சார்" என்றார் அவர். "பல்லு டாக்டர் கதை நாம பாத்ததில்ல."

எட்டுப் பகுதிகள். ஒவ்வொன்றும் முப்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூட. நகைச்சுவைத் தொடர்தான், ஆனால் எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அந்த மருத்துவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும். மனைவி மேல் உயிர். ஒருநாள் பல்வலி என்று வந்து நாற்காலியில் சாய்கிறவன், கல்யாணத்துக்கு முன்னால் மருத்துவர் நேசித்த ஆண். மருத்துவர் அவன் வாயில் பஞ்சையும் குழாயையும் வைத்துவிட்டுப் பத்து வருடமாக மனதில் இருந்ததையெல்லாம் கொட்டுகிறார். அவனால் ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியவில்லை. "ஆ, ஆ" என்கிறான். பிரம்பு நாற்காலியில் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் வழக்கம்போல் எழுந்து போனார்.

அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம், ஜூலை பத்து, அவர் எழவில்லை. மருத்துவரின் தங்கை தன் அண்ணனிடம், இதற்குப் பெயர் இருபாலீர்ப்பு, நீ ஒன்றும் உலகத்தில் தனி ஆள் இல்லை என்று சொல்கிற இடம். தொடர் முடிந்து பெயர்கள் ஓடின. அவர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இதுக்குப் பேரு இருக்குதுங்களா?" என்றார்.

எதற்கு என்றேன்.

"நானும் இவனாட்டத்தானுங்க."

நான் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தேன். அவரே சொன்னார். இருபத்து நான்கு வயதில் கொள்ளேகால் பட்டுக்கூடு மார்க்கெட்டில் தராசுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே எடை போடுகிறவன் ஒருவன். இரண்டு பேரும் மாட்னி ஷோ போனார்கள்.

"படம் முடிஞ்சுது, படக்குன்னு லைட்டப் போட்டுட்டாங்க. நான் எங்கெ படத்தப் பாத்தேன்? அவனத்தான பாத்துட்டிருந்தேன். பின்னாடி சீட்டுல எங்க மாமன். என் மூஞ்சியப் பாத்தாரு. ஒரு வார்த்தை பேசலீங்க. ரெண்டாம் நாளு என்னைய ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பஸ் ஏத்தி உட்டுட்டாங்க. அவன அப்புறம் பாக்கவே இல்லீங்க."

"எத்தனை வருஷம் பழக்கம்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "எண்ணாம உங்களால முடியாதே. ரெண்டு வருசம் சார். அவன் ஒருத்தன், எங்க ஊட்டுக்காரி ஒருத்தி. மொத்தம் ரெண்டு பேரு. எங் கணக்கு அவ்வளவுதான்."

"அப்படின்னா உங்க வீட்டுல..."

"பாருங்க, நீங்களே அப்படித்தான நினைக்கறீங்க" என்றார், சிரிப்பு நின்று. "இதச் சொன்னா, அப்ப அவளப் புடிக்காமத்தான் கட்டிக்கிட்டான்னு ஆயிருதுங்க. அது பொய்யி. கல்யாணமாகி மூணாம் மாசம். சந்தையில கத்திரிக்கா வாங்கினோம். நான் தராசு ரிப்பேர்காரன் பக்கத்துல நிக்கறேன், எனக்குத் தெரியல. அவ பையக் கையில வாங்கின ஒடனே, நூறு கிராம் கொறையுதுன்னுட்டா. திருப்பிப் போட்டா நூறு கிராம் கொறையுது. அன்னைக்கு உழுந்தவன்தானுங்க நான். இன்னும் எந்திரிக்கல. முப்பத்தெட்டு வருசம் ஆச்சு."

அதற்குப் பிறகு நாலு வாரம் அவர் ஒவ்வொரு பகுதியையும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். மருத்துவர் மனைவியிடம் சொல்ல வாயெடுப்பார். குழந்தை அழும், அல்லது மாமியார் வந்துவிடுவார், அல்லது அவருக்கே தைரியம் போய்விடும். பெரிய சிரிப்பெல்லாம் அதில்தான். இவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு, "சொல்றானான்னு பாப்போம்" என்பார்.

ஏழாவது வாரம் போகும்போது விஷயத்தைச் சொன்னார். இருதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். பதினொன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்கிறார், பதினாறில் அறுவைச் சிகிச்சை.

"அதுக்கு முன்னாடி அவகிட்டச் சொல்லீரோணுமுங்க. பயமெல்லாம் இல்ல. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. வாயத் தொறந்தா மொதல்ல தப்பா வந்துரும். அவளுக்கு அந்த முப்பத்தெட்டு வருசமும் பொய்யின்னு ஆயிரும். இவன் எப்படிச் சொல்றான்னு கேட்டுக்கோணும். எனக்கு வார்த்தைதான் வேணும். வியாழக்கெழம நீங்க பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. அதே வார்த்தையில."

ஐம்பத்தெட்டுப் படங்களின் முடிவுகளை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னவன் என்று என்னிடம் கேட்டார்.

அந்த வியாழக்கிழமை மூன்று மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டேன். எட்டாம் பகுதியின் படம் வந்து நின்றது. மருத்துவரும் அவர் மனைவியும், நடுவில் காலி நாற்காலி. அழுத்தினால் ஓடும். நான் அழுத்தவில்லை. புதன்கிழமை முழுக்க ஒரே யோசனை. இவர் தன் மனைவியிடம் சொல்லிவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அம்மாள் முதலில் எதை நினைப்பார்? கொள்ளேகாலில் நாற்பது வருடத்துக்கு முன் இருந்த ஒருவனையா? தன் கணவர் மூன்று வருடமாக வாரம் தவறாமல் போய்வருகிற வீட்டையா? மனைவி இல்லாத ஒரு மனிதனின் வீடு. நூற்று ஐம்பத்தொரு வியாழக்கிழமைகள். அந்த எண்ணிக்கையை நானே போட்டுப் பார்த்தேன். என் தெரு, என் மகள், என் மாப்பிள்ளை, எல்லோரும் வரிசையாக வந்தார்கள். தியேட்டரில் மூன்று வரிசை தள்ளி உட்காரச் சொன்னவன் நான்.

தொலைபேசி அடித்தது.

"சொல்லலைங்க" என்றேன். "டாக்டர் யாருகிட்டயும் சொல்லலை. அந்த ஆள் ஊரை விட்டுப் போயிடறான். டாக்டர் வீட்டுக்குப் போறார், எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிடறார். அவ்வளவுதான்."

"சொல்லவே இல்லீங்களா?"

"இல்லை."

ஆஸ்பத்திரியின் வண்டிச் சக்கரம் ஒன்று கடகடவென்று போகும் சத்தம் கேட்டது.

"சந்தோசமா இருந்தானுங்களா?"

"இருந்தான். சிரிச்சான்."

"செரீங்க" என்றார். "சொல்லாம இருக்கறதும் ஒரு வழிதான். நீங்க சொன்னா அதுதானுங்க முடிவு."

நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி பேசியிருந்தோம். ஒரு கிலோவில் ஐம்பது கிராம் குறைத்த கடைக்காரனை நான் விட்டதில்லை. கண்ணீர் விட்டாலும் வழக்குப் பதிந்திருக்கிறேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாற்றிச் சொல்லிவிடலாம் என்ற எண்ணமும் பையில் இருந்த ஆரஞ்சுப் பழங்களோடு கூடவே வந்தது. அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் மழையைப் பற்றியும், அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பதைப் பற்றியும் பேசினோம். அந்த அம்மாள் பிளாஸ்கைக் கழுவ வெளியே போனார். நாங்கள் இருவர் மட்டும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையாளர் நேரம் ஆறு மணி வரை. ஐந்து ஐம்பதுக்கு நான் எழுந்துவிட்டேன்.

"இன்னும் பத்து நிமிசம் இருக்குதுங்களே சார்" என்றார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். என் வீடு அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். நான் நடந்துதான் போவேன் என்பது அவருக்குத் தெரியும்.

"அட, போங்க" என்று சிரித்தார்.

சனிக்கிழமை சிகிச்சை முடிந்து கண் விழிக்கவில்லை. ஞாயிறு காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்குப் போய்விட்டார்.

பதினொன்றாம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி என்னைக் கொல்லைப்புறத் துவைகல் பக்கம் கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். ஆஸ்பத்திரியில சேந்த நாளா, உன்கிட்ட ஒரு விசயம் சொல்லோணும், வியாழக்கெழம சாயந்தரம் சொல்றேன்னு சொல்லீட்டே இருந்தாருங்க. அதென்ன வியாழக்கெழம, நல்ல நாளான்னு கூடக் கேட்டேன். சிரிச்சாரு. வியாழக்கெழம சாயந்தரம் பக்கத்துல போயி உக்காந்தேன். ஒண்ணுமில்ல போன்னுட்டாரு. மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

"தெரியாதும்மா."

"கடன் கிடன் ஏதாவது?"

"அப்படி ஒண்ணும் இருக்காது."

"நானும் பாத்துட்டேன், ஒண்ணும் இல்லீங்க." புடவைத் தலைப்பால் துவைகல்லில் இருந்த ஈரத்தைத் துடைத்தார். "என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனுங்ணா. முப்பத்தெட்டு வருசம், எது பேசினாலும் முடிக்காம எந்திரிச்சுப் போயிருவாரு. செரி, இந்த ஒண்ணாவது முழுசாச் சொல்லப் போறாருன்னு இருந்தேன்."

எனக்குத் தெரிந்ததை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவர் சொல்ல வேண்டியது. அவரிடம் இருந்திருக்க வேண்டிய வார்த்தைகள் என்னிடமும் இல்லை. நான் சொன்னால் தப்பாகத்தான் வரும். இந்த நியாயத்தைப் பஸ்ஸில் பதினாறு கிலோமீட்டரும் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பரில் தொலைக்காட்சியைப் போட்டபோது சந்தா முடிந்துவிட்டதாகக் காட்டியது. மகளுக்குப் போன் செய்தேன். "நான் பாக்கறதே இல்லப்பா, நீங்களும் சும்மா நியூஸ்தானே பாக்கறீங்க. நிறுத்திட்டேன். வேணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று கேட்டிருப்பாள்.

நவம்பர் இருபது, வியாழக்கிழமை, மூன்று மணிக்கு நானே கட்டினேன். கார்டு எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்து மூன்றாவதில் போயிற்று. பிரம்பு நாற்காலியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன்.

எட்டாம் பகுதி முப்பத்து நாலு நிமிடம். மருத்துவர் சொல்கிறார். தன் மனைவியையே அந்த நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சு வைத்துவிட்டுத்தான் சொல்கிறார்; அவள் குறுக்கே பேசிவிடக் கூடாதாம். சிரிப்புக்காக வைத்த காட்சி. "உன்னைப் பிடிச்சதும் நிஜம். அவனைப் பிடிச்சதும் நிஜம். இத்தனை நாள் சொல்லாம இருந்ததுதான் தப்பு." பதினோரு வார்த்தைகள். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. அந்தப் பெண் எழுந்து வாய் கொப்பளித்தாள். துப்பினாள். நெடுநேரம் அவரைப் பார்த்தாள். கொஞ்சம் அழுதாள். பிறகு, "இதுக்காகவா ஏழு மாசமா நீ சரியாச் சாப்பிடலை?" என்று கேட்டாள். பிரம்பு நாற்காலியில் இருந்திருந்தால் இவர் அந்த இடத்தில் சிரித்திருப்பார். இருபத்தாறாவது நிமிடம் அது. கடைசிப் பத்து நிமிடத்துக்குள் வருவது.

பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினோரு வார்த்தைகளையும் ஒரு தாளில் எழுதினேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

கட்டியது ஒரு மாதச் சந்தா, வரி உட்பட நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.